ஆறு பேர், பன்னிரண்டு தூண்டில், சத்தமில்லாத ஒரு ஏரி

டென்ச் மீனுக்குத் தமிழில் பெயர் கிடையாது. ஆனால் மீன் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது. 1870இல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து ஊட்டியில் விட்டார்கள். கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கை வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. கெண்டைக்கு ஊரில் பெயரும் விலையும் கிடைத்தன, டென்ச்சை யாரும் கண்டுகொள்ளவில்லை. அது பிறந்த இங்கிலாந்திலோ கதை வேறு. ஆலிவ் பச்சை உடம்பு, கையில் நிற்காத வழவழப்பு, மிளகாய்ப்பழம் போலச் சிவந்த சின்னக் கண். இதற்காகவே மே மாத விடுமுறையை மூன்று மாதம் முன்னால் எழுதிக் கொடுத்துவிடுகிறவர்கள் அங்கே உண்டு.

சால்மன், டிரவுட் வகையறா தவிர்த்த நன்னீர் மீன்களைப் பிடிப்பதை அங்கே கோர்ஸ் ஃபிஷிங் என்பார்கள். ஸ்பெசிமன் ஏரி என்றால் மீன் எண்ணிக்கை குறைவு, இருக்கிற மீன் ஒவ்வொன்றும் பெரிசு. இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்றுகூடக் கடிக்காமல் திரும்புவது அங்கே சாதாரணம். இப்படிப்பட்ட ஏரிக்கு ஆறு நண்பர்கள் சேர்ந்து போவது யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் முட்டாள்தனம். மீன் கொஞ்சம், ஆள் நிறைய. வெள்ளி மாலை அந்த ஆறு பேர் என்னென்ன செய்யாமல் இருக்கிறார்கள் என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது.

க்ளாஸ்டர்ஷயர், வில்ட்ஷயர் எல்லையில் இருக்கும் காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க்கை மனதில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். சரளைக்கல் தோண்டி எடுத்த குழிகளில் நிலத்தடி நீர் நிறைந்து உண்டான ஏரிகள், 150க்கு மேல். சுண்ணாம்பு கலந்த கடின நீர், அதனால் கண்ணாடித் தெளிவு, அதனால் அடிவரை வெயில், அதனால் காடு போல நீர்க்கொடி. தோண்டிய இயந்திரங்கள் விட்டுப்போன சரளை மேடுகளும் பள்ளங்களும் தண்ணீருக்கடியில் அப்படியே இருக்கின்றன. மேலே இருந்து பார்த்தால் தட்டையான தண்ணீர்தான். அடியில் நாலடி மேட்டுக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டடிப் பள்ளம்.

ஏன் மே நடுப்பகுதி? டென்ச் முட்டையிடுவதற்கு முன்னால் வெறித்தனமாகத் தின்னும் காலம் அது. தண்ணீர் 20 டிகிரியை நெருங்கினால் முட்டையிடக் கூடும். அப்போது தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும், நல்ல ஏரிகள் தாமாகவே மூடிவிடும். இன்னொரு காரணம் சட்டம். இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன்பிடிக்குத் தடை. பெரும்பாலான ஏரிகளுக்கு அந்தத் தடை 1995இல் நீங்கியது. மே மாதம் தண்ணீரோரம் உட்கார ஆசை என்றால் ஏரிதான் கதி. சில ஏரிக்காரர்கள் பழைய தடைக்காலத்தைத் தாங்களாகவே கடைப்பிடிக்கிறார்கள், முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

13 வயது ஆன ஒவ்வொருவருக்கும் தனித்தனி ராட் லைசென்ஸ் வேண்டும், ஏரிக்குக் கட்டும் பணம் வேறு. சாதாரண லைசென்ஸில் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். அது இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். “மச்சான், உன்னோடதுலயே நானும் போட்டுக்கிறேன்” என்பது நடக்காது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: பிடித்ததைக் கறி வைக்கலாமா? முடியாது. தனியார் ஏரியிலிருந்து அனுமதியில்லாமல் மீன் எடுப்பது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் வருகிற குற்றம். அதைவிட, எட்டு பவுண்டு டென்ச் அந்த எடைக்கு வரப் பல வருஷம் ஆகும், அதே மீனை இன்னும் நாலு பேர் பிடித்து விடுவார்கள். கறிக்கு மீன் சந்தையில் இருக்கிறது.

வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்ததும் காரிலிருந்து எதையும் இறக்கக் கூடாது. கண்கூச்சத்தை வெட்டும் போலராய்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு பேரும் வெறுங்கையோடு ஏரியை ஒரு சுற்று நடக்க வேண்டும். பார்க்க வேண்டியது மூன்று. காற்று எந்தக் கரையில் மோதுகிறது: இளஞ்சூடான தென்மேற்குக் காற்று இரண்டு நாளாக அடிக்கிறதென்றால் அது மோதும் கரையில் மீன் இருக்க வாய்ப்பு அதிகம். கொடி எங்கே மேலே வரை வந்திருக்கிறது, அதற்கு நடுவே எங்கே வெளுப்பாகச் சரளைத் திட்டு தெரிகிறது. கடைசியாக, குமிழி. டென்ச் அடிமண்ணைக் கிளறித் தின்னும்போது குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் கொத்தாக, சோடா பொங்குகிற மாதிரி எழும். பெரிய குமிழி ஒன்றிரண்டு மட்டும் வந்தால் அது பெரும்பாலும் சேற்றிலிருந்து கிளம்பும் வாயு.

நடந்து முடித்த பிறகுதான் சீட்டு. எண் 1 எடுத்தவர் முதலில் இடம் தேர்ந்தெடுப்பார், 6 எடுத்தவருக்கு மிச்சம். சனி மதியம் யாராவது இடம் மாற விரும்பினால் முதல் உரிமை அந்த 6க்கு. இதை ஆரம்பத்திலேயே பேசி முடிக்காத கூட்டங்களில் சனி இரவு சாப்பாடு ருசிக்காது. பக்கத்துப் பக்கத்து இடத்துக்காரர்கள் நடுவில் ஒரு கற்பனைக் கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். தன் கோட்டுக்குள்ளேதான் வீச வேண்டும், எதிர்க்கரைக்காரர் பாதி ஏரி வரை.

அடுத்தது அடி பார்ப்பது. இரை எதுவும் இல்லாமல் இரண்டரை அவுன்ஸ் ஈயக்குண்டை மட்டும் பின்னல் நரம்பில் கட்டி வீசுவார்கள். பின்னல் நரம்பு நீளாது, அடியில் நடப்பதை அப்படியே விரலுக்குச் சொல்லும். குண்டு தரையைத் தொடும்போது ‘டொக்’ என்று கம்பு வழியாக ஒரு தட்டு வந்தால் சரளை. ‘பொத்’ என்று மெத்தையில் விழுந்தது போல இருந்தால் வண்டல். ஒன்றுமே தெரியாமல் நரம்பு தொய்ந்தால் குண்டு கொடிமேல் உட்கார்ந்திருக்கிறது. பிறகு கம்பைப் பக்கவாட்டில் மெதுவாக இழுக்க வேண்டும். சரளை என்றால் கடகடவென்று தட்டிக்கொண்டே வரும், வண்டல் என்றால் வெண்ணெயில் கத்தி. நமக்கு வேண்டியது கொடிக்கு நடுவே இருக்கும் மேசை அளவுச் சுத்தமான திட்டு. அது கிடைத்தால் நரம்பை ரீலின் கிளிப்பில் மாட்டி, எதிர்க்கரையில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, தூரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். 12 அடி இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, நரம்பை அவற்றில் சுற்றிச் சுற்றிக் கிளிப் தட்டும் வரை எண்ணுவது வழக்கம், ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்குப் போவது ஒரு சுற்று. பதின்மூன்று சுற்று என்றால் 156 அடி, ஏறக்குறைய 47.5 மீட்டர். இருட்டில் எழுந்து வீசும்போது கண்ணை நம்ப வேண்டியதில்லை, 13 சுற்றில் கிளிப் போட்டு வீசினால் குண்டு அந்தத் திட்டில் விழும்.

இங்கேதான் கூட்டம் தன் முதல் தவறைச் செய்கிறது. ஒருவர் பதினைந்து தடவை வீசி அடி பார்ப்பது பரவாயில்லை. ஆறு பேரும் மாலை ஆறு மணிக்கு, மீன் மேயக் கிளம்பும் நேரத்தில், தலைக்கு முப்பது தடவை ஈயத்தை வீசினால் அது ஏரியின்மேல் கல்லெறி. மூன்று ஜோடியாகப் பிரிந்து, ஜோடிக்கு ஒருவர் மட்டும் பார்த்து, நான்கு மணிக்குள் முடித்துவிடலாம்.

கரையிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் போடுகிறவர்களுக்கு இலை வாரும் ரேக் இருக்கிறது. தோட்டத்து ரேக்கின் தலை இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, கயிற்றில் எறிந்து, கொடியை வாரி இழுப்பது. பார்க்கக் காட்டுத்தனமாக இருக்கும், ஆனால் டென்ச்சுக்கு இது பிடிக்கும். கிளறிவிட்ட மண்ணிலிருந்து புழு பூச்சி வெளிப்படுவதால் சில மணி நேரத்தில் அங்கேயே வந்து மேயும். எல்லா ஏரியிலும் அனுமதி இல்லை. அனுமதி இருந்தால் மதியமே வாரி முடித்து மாலை வரை அந்தப் பக்கம் போகாமல் விட வேண்டும்.

இப்போது இரை. இரையைத் தனித்தனியாக வாங்காமல் சேர்த்து வாங்குவதே புத்தி. மேகட் எனப்படும் ஈப்புழு ஆளுக்கு 4 பைண்ட், மொத்தம் 24 பைண்ட், அதாவது 3 கேலன். இதில் பாதியைச் சாகடித்து எடுத்துப் போக வேண்டும். உயிருள்ள புழு ஏரி அடியில் விழுந்ததும் வண்டலுக்குள் நெளிந்து மறைந்துவிடும், செத்தது போட்ட இடத்திலேயே கிடக்கும். பையில் போட்டுக் காற்றை முழுக்க அழுத்தி வெளியேற்றி ஃப்ரீசரில் வைத்தால் போதும். காற்றோடு வைத்தால் உறைய நேரமெடுக்கும், உருகும்போது கறுத்துப் போகும். உயிரோடு இருப்பதைக் குளிர்பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும், மே மாத வெயிலில் விட்டால் சீக்கிரமே கூடாகிவிடும்.

ஹெம்ப் எனும் கஞ்சாச் செடி வகை விதை ஜோடிக்கு ஒரு கிலோ. ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, இருபது முப்பது நிமிஷம் வேகவைத்து, விதை வெடித்து வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் இறக்கி, வெந்த தண்ணீரோடேயே ஆறவிட வேண்டும். அந்த எண்ணெய் கலந்த தண்ணீரைக் கொட்டுகிறவருக்கு இரையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். மிளகாய் போட்ட ஹெம்ப் அங்கே டின்னிலேயே விற்கிறது, நம் வீட்டில் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். டைகர் நட் எனும் கோரைக்கிழங்கு வகையைச் சரியாக ஊறவைத்து வேகவைக்காமல் போட்டால் மீனின் வயிற்றுக்குள் போய் ஊதும். அதனால் பல ஏரிகளில் கொட்டை வகைகளுக்கே தடை.

எவ்வளவு போடுவது? மீன் குறைவான ஏரியில் வெள்ளி மாலையே வாளியைக் கவிழ்ப்பது திருத்த முடியாத தவறு. போட்ட இரையைத் திரும்ப எடுக்க முடியாது. இரையை அடைத்துத் தூரத்தில் வீசும் ராக்கெட் வடிவக் குழாய்க்கு ஸ்பாட் என்று பெயர், முதலில் சின்ன ஸ்பாட்டில் ஆறு தடவை ஹெம்ப்பும் செத்த புழுவும் போதும். அதற்குப் பிறகு தூண்டிலோடு போகும் ஃபீடர் டப்பாவே இரை போடும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். விடியற்காலை நான்கரையிலிருந்து ஒன்பது வரை அரை மணிக்கு ஒரு தடவை மீண்டும் வீசினால், ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி புழு அதே திட்டில் விழும். சோம்பேறித்தனத்தில் இரவு போட்டதை அப்படியே விட்டுத் தூங்குகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ப்ரீம். அதுவும் நல்ல மீன்தான், ஆனால் ஈரத்துணியை இழுப்பது போல வரும்.

மாட்டும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 12 அடிக் கம்பு, ஒன்றே முக்கால் அல்லது இரண்டு பவுண்டு டெஸ்ட் கர்வ், அதாவது கம்பின் வலிமையைச் சொல்லும் அளவு. 10 பவுண்டு தாங்கும் நரம்பு, கொடி அடர்த்தியாக இருந்தால் 12. ஐம்பது கிராம் எடையுள்ள மூடிய ஃபீடர் நரம்பின் நுனியில். அதற்குச் சற்று மேலே இரண்டு ரப்பர் மணிகளுக்கு நடுவே சுழலும் வளையம், வளையத்தில் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் துண்டு நரம்பு, அதன் முனையில் 12ஆம் எண் முள். இதற்கு ஹெலிகாப்டர் ரிக் என்று பெயர், வீசும்போது துண்டு நரம்பு விசிறி போலச் சுற்றுவதால். முள்ளில் உயிருள்ள சிவப்புப் புழு இரண்டு, மிதக்கும் ரப்பர் புழு ஒன்று. ரப்பர் புழு மீனை ஏமாற்றுவதற்காக மட்டுமல்ல. முள்ளுக்கு எடை உண்டு, சும்மா கிடக்கும் புழுவைவிடக் கனமாக இருக்கும். மிதவைப் புழு அந்த எடையைச் சரிக்கட்டுவதால் மீன் உறிஞ்சும்போது மற்றப் புழுக்களோடு இதுவும் இலேசாக எழும்பி வாய்க்குள் போகும். மீன் நிமிர்ந்ததும் ஐம்பது கிராம் எடை நரம்பை இழுக்கும், முள் கீழுதட்டில் தானாகப் பதியும். நாம் வெட்டி இழுக்கத் தேவையில்லை, கம்பை எடுத்தால் போதும்.

இதில் உயிர் காக்கும் பாகம் மேல் மணி. நரம்பு அறுந்துபோனால் மீன் அந்த ஃபீடரைக் கொடிக்குள் இழுத்துக்கொண்டு திரியக் கூடாது. மேல் மணி வழுக்கி நரம்பிலிருந்து கழன்றுபோக வேண்டும், அப்போது மீனிடம் முள்ளும் அந்தத் துண்டு நரம்பும் மட்டும் மிஞ்சும். கட்டி முடித்ததும் ஃபீடரைப் பிடித்துக்கொண்டு துண்டு நரம்பைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பார்ப்பது ஐந்து வினாடி வேலை. மணி அசையவில்லை என்றால் அந்த ரிக் தண்ணீருக்குள் போகக் கூடாது. ஈயத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகள் 1987 முதல் இங்கிலாந்தில் தடை, அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால். ஊரிலிருந்து கொண்டுபோன பழைய ஈயச் சிதறல்களை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

புழு ஐந்து நிமிஷத்தில் காணாமல் போகிறது, மீன் கடிப்பதைச் சொல்லும் அலாரம் ஒற்றை ஒற்றையாக ‘பீப்’ என்கிறது என்றால் அது சின்ன பெர்ச், ரோச் கூட்டம். உயிர்ப்புழுவை விட்டுவிட்டு இரண்டு ரப்பர் புழுவை மட்டும் போடலாம். இல்லையென்றால் 10 மில்லிமீட்டர் உருண்டை இரையை முள்ளிலிருந்து தொங்கும் மெல்லிய நரம்பில் கோத்துப் போடலாம். ஹேர் ரிக் என்னும் இந்த உத்தியை 1980 வாக்கில் கொண்டுவந்தவர்கள் லெனி மிடில்டனும் கெவின் மாடக்ஸும்.

சத்தத்துக்கு வருவோம். கெண்டை, டென்ச் வகை மீன்களுக்குக் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சின்ன எலும்புச் சங்கிலி உண்டு. காற்றுப்பை மத்தளம் போல அதிர்வை வாங்கிக் காதுக்கு அனுப்பும். கரையில் பேசுவது தண்ணீருக்குள் அதிகம் போகாது. தொம் தொம்மென்று நடப்பதும், கூடார முளையைச் சுத்தியலால் அடிப்பதும் தரை வழியாக நேரே போகும். ஆறு கூடாரம், கூடாரத்துக்குப் பத்து முளை, முளைக்கு நாலு அடி: 240 அடி. திருகி இறக்கும் முளை வாங்கிவிட்டால் இந்தக் கணக்கே இல்லை. நாற்காலிகளையும் அடுப்பையும் கரையிலிருந்து முப்பது நாற்பது அடி பின்னால் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டால் அரட்டையும் நடக்கும், மீனும் இருக்கும். தலைவிளக்கைத் தண்ணீர் மேல் அடிக்கக் கூடாது. அலாரத்தின் ஒலியைக் குறைத்து, ரிசீவரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

மின்சார அலாரத்தை வடிவமைத்தவர்களில் முன்னோடி ரிச்சர்ட் வாக்கர். 1952 செப்டம்பர் 13 அன்று ஹெரிஃபோர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் அவர் பிடித்த 44 பவுண்டுக் கெண்டை அந்தக் கால பிரிட்டிஷ் சாதனை. அந்த மீன் லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1971 வரை வாழ்ந்தது. ரெட்மயர் மூன்று ஏக்கர் அளவே உள்ள குளம். அந்த இரவு அங்கே இருந்தவர்கள் வாக்கரோடு சேர்த்து இரண்டே பேர்.

அடுப்பை ஒருநாளும் மூடிய கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. குளிருக்காகத் தணல் அணைந்த மாதிரி தெரிகிற பார்பிக்யூவை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் செத்திருக்கிறார்கள், அதற்கு வாசனை கிடையாது. கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும், மேலே மின்கம்பி போனால் 30 மீட்டர் தள்ளிப்போக வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வீல்ஸ் நோய் வரும், சாப்பிடுவதற்கு முன் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் தனியாக இருக்கட்டும்.

மீன் மாட்டியதும் டென்ச் நேரே கொடிக்குள் பாயும். நரம்பு கொடியில் இறுகி எதுவும் அசையவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். நரம்பைத் தளர்த்திக் கம்பைத் தாங்கியில் வைத்துவிட்டு நாலைந்து நிமிஷம் காத்திருந்தால் மீன் பல சமயம் தானாக வெளியே நகரும். நரம்பு ஓட ஆரம்பித்ததும் வேறு கோணத்தில் நின்று இழுக்கலாம்.

கரைக்கு வந்த பிறகுதான் ஆறு பேர் கூட்டத்தின் இரண்டாவது பெரிய தவறு. எல்லோரும் ஓடிவந்து, எல்லோரும் செல்போன் எடுத்து, மீன் வெயிலில் ஐந்து நிமிஷம் கிடக்கும். வேலை பிரித்துக்கொண்டால் நல்லது. பிடித்தவர் முள்ளைக் கழற்றுவார், ஜோடிக்காரர் படம் எடுப்பார், மூன்றாமவர் தண்ணீர் வாளியோடு நிற்பார், மிச்ச மூன்று பேர் அவரவர் தூண்டிலருகே. மெத்தைப் பாயும் எடைத் தொட்டிலும் முன்கூட்டியே ஏரித் தண்ணீரில் நனைந்திருக்க வேண்டும், காய்ந்த துணி வழவழப்பை உரித்துவிடும். தொட்டிலின் எடையைக் கழித்துத் தராசைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டே மீனை எடுக்க வேண்டும். நின்றுகொண்டு படம் எடுக்கவே கூடாது, பாய் மேல் மண்டியிட்டு, மீனைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். மே மாதப் பெண் டென்ச் முட்டையால் வயிறு புடைத்திருக்கும், அதன் எடையில் ஒரு பங்கு முட்டையின் எடை என்பதை ஒப்புக்கொள்கிறவர் குறைவு. அகப்பை போலப் பெரிய வயிற்றுத் துடுப்பு இருந்தால் ஆண்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் மாலை ஆறு வரை பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. தூங்கலாம். ரிக் கட்டி வைக்கலாம். இடம் மாறுவதென்றால் அந்த நேரத்தில் மாற வேண்டும், அதுவும் வேறொரு இடத்தில் மீன் புரள்வதைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும். பக்கத்து ஆளுக்கு மூன்று மீன் கிடைத்துவிட்டது என்ற புகைச்சலில் கூடாரத்தைப் பிரிப்பவர், இரண்டு நாளாக இரை போட்டுப் பழக்கிய தன் திட்டை ஞாயிறு காலை இன்னொருவருக்குத் தானம் செய்கிறார்.

ஞாயிறு மதியம் கிளம்பும்போது மிஞ்சிய இரையை ஏரியில் கொட்டக் கூடாது, அடுத்து வருகிறவர் அழுகின இரைமேல் மீன்பிடிக்க வேண்டியிருக்கும். அறுந்த நரம்பைச் சின்னத் துண்டாக நறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். வலை, பாய், தொட்டில் மூன்றையும் வீட்டில் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே வேறு ஏரிக்குக் கொண்டுபோகலாம். கெண்டைகளைக் கொல்லும் கோய் ஹெர்பீஸ் வைரஸ் ஈர வலையில் ஊர் விட்டு ஊர் போகும், அதனால்தான் சில ஏரிகள் வெளி வலையை உள்ளேயே விடுவதில்லை. புழு டப்பாக்களின் மூடியைக் காரில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். தப்பித்த புழு சீட்டுக்கடியில் கூடு கட்டிக்கொண்டு, இரண்டு வாரத்தில் ஆபீஸ் போகிற வழியில் ஈயாக வெளியே வரும்.